பதினைந்தாயிரம் கிலோமீட்டர்: யாருக்கு எவ்வளவு தூரம்?

சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் எவ்வளவு தூரம்? இந்தக் கேள்வியை இணையத்தில் தட்டினால் அரை நொடியில் பதில் வந்து விழும். தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். விமானப் பயண நேரம் ஏறக்குறைய பதினெட்டரை மணி. கேட்டவருக்கும் திருப்தி, பதில் சொன்ன கணினிக்கும் திருப்தி!

ஆனால் இந்த இரண்டு எண்களை மட்டும் நம்பிப் பயணத்துக்குத் திட்டம் போடுபவர்களில் பலருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். எண்கள் பொய் என்பதால் அல்ல. இரண்டும் உண்மைதான். அந்த உண்மை யாருக்குப் பொருந்தும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே உள்ள கிலோமீட்டர் எல்லோருக்கும் ஒன்று. பயண நேரம் எல்லோருக்கும் ஒன்று அல்ல. அது காற்றைப் பொறுத்தது, நாடுகளுக்கு இடையே உள்ள சண்டையைப் பொறுத்தது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பயணியின் பணப்பையைப் பொறுத்தது. இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தால் 'தூரம்' என்ற சொல்லுக்கே வேறு அர்த்தம் கிடைக்கும்.

முதலில் ஒரு பள்ளிக்கூடக் கணக்கு

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் பூமத்திய ரேகைக்கு வெகு அருகில், ஏறக்குறைய 1.4 பாகை வடக்கில் இருக்கிறது. நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையம் 40.6 பாகை வடக்கில். இதில் ஓர் ஆச்சரியம் உண்டு. சாங்கி கிழக்குத் தீர்க்கரேகை 104-ல் இருக்கிறது, கென்னடி மேற்கு 74-ல் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 178. அதாவது பூமி உருண்டையில் இரண்டும் கிட்டத்தட்ட நேர் எதிர்ப் பக்கங்களில் உள்ளன.

ஓர் உலக உருண்டையை எடுத்து, இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் பசிபிக் வழியாகவும் போகாது, அட்லாண்டிக் வழியாகவும் போகாது. நேராக மேலே ஏறி, வட துருவத்தை ஒட்டிக் கடந்து, மறுபக்கம் இறங்கும். சாங்கியிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை. துருவத்திலிருந்து கென்னடிக்கு 49.4 பாகை. மொத்தம் 138. ஒரு பாகைக்குச் சுமார் 111.2 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 15,345 வருகிறது. இணையம் சொல்லும் விடையும் இதுதான். சூப்பர் கம்ப்யூட்டர் எதுவும் தேவையில்லை, ஒரு தாளும் பேனாவும் போதும்.

பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர் என்பதால், உலகில் எந்த இரண்டு இடங்களும் 20,000 கிலோமீட்டருக்கு மேல் விலகி இருக்கவே முடியாது. அதில் முக்கால் பங்குக்கும் மேல் இந்த ஒரே பயணத்தில் முடிந்துவிடுகிறது.

இன்னொரு வேடிக்கை கடிகாரத்தில். கோடைக்காலத்தில் சிங்கப்பூர் நேரம் நியூயார்க் நேரத்தைவிடச் சரியாக 12 மணி முன்னால் இருக்கும். நண்பகல் 12 மணிக்குச் சாங்கியில் கிளம்பி, பதினெட்டரை மணி நேரம் பறந்தால், நியூயார்க்கில் இறங்கும்போது அதே நாள் மாலை 6.30! நாட்காட்டியில் ஆறரை மணி நேரம்தான் செலவானது போலத் தெரியும். உடம்பு மட்டும் ஏமாறாது. அதற்குக் கணக்கு நன்றாகத் தெரியும்.

காற்று போடும் கணக்கு

சரி, விமானம் நூல் போட்ட வழியிலேயே போகிறதா? பெரும்பாலும் இல்லை.

பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக ஓடும் காற்று ஆறு ஒன்று உண்டு. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். ஆற்றோடு போகும் படகு வேகமாகப் போகும், எதிர்த்துப் போகும் படகு திணறும். விமானத்துக்கும் அதே கதிதான். நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குச் சுமார் 5,550 கிலோமீட்டர். 2020 பிப்ரவரியில் புயல் காற்று பின்னால் தள்ள, பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. அதே தூரத்தை லண்டனிலிருந்து திரும்பிக் கடக்கச் சாதாரணமாகவே ஏழரை, எட்டு மணி ஆகும். கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை!

அதனால்தான் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகும் விமானம் பல நாட்களில் துருவத்தை விட்டுவிட்டு, ஜப்பான் பக்கமாகப் போய் பசிபிக் கடலைத் தாண்டுகிறது. திரும்பி வரும்போது அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பா பக்கமாக வருவதும் உண்டு. போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. போய்த் திரும்பினால் உலகத்தையே ஒரு சுற்று சுற்றியாகிவிட்டது. கிலோமீட்டர் கூடும், நேரமும் எரிபொருளும் குறையும். ஆக, மிகக் குறைந்த தூரம் என்பதும் மிகக் குறைந்த நேரம் என்பதும் ஒன்றல்ல.

மனிதர்கள் போடும் வேலி

காற்றாவது யாரையும் பகைத்துக்கொண்டு வீசுவதில்லை. நாடுகள் அப்படி அல்ல.

பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரம் ஆசியாவுக்குப் போகும் ஐரோப்பியர்களின் குறுக்கு வழியாக இருந்தது. ரஷ்யாவுக்கு மேலே பறந்தால் டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரம்தான். 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது. ஐரோப்பிய நாடுகள் ரஷ்ய விமானங்களுக்குத் தங்கள் வானத்தை மூடின, ரஷ்யாவும் பதிலுக்கு மூடியது. அதன் பிறகு ஹெல்சிங்கி-டோக்கியோ விமானங்கள் வட துருவத்தைச் சுற்றியோ தெற்கே மத்திய ஆசியாவைச் சுற்றியோ போக வேண்டியதாயிற்று. பயணம் ஏறத்தாழ 13 மணி நேரம் ஆனது. ஒரு சண்டை, இரண்டு நகரங்களை மூன்று மணி நேரத்துக்கு மேல் விலக்கி வைத்துவிட்டது. நம் பக்கத்திலும் நடந்ததுதான். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் சுற்றிப் போக நேர்ந்தது.

இது புதிய கதையும் அல்ல. 1942-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்ததும் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே இருந்த விமான வழி அறுந்து போனது. அதை ஒட்டுப்போட 1943-ல் குவான்டாஸ் நிறுவனம் ஒரு துணிச்சலான வேலை செய்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து இலங்கையில் காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கல ஏரிக்கு, காட்டலினா என்ற கடல் விமானங்களை நிற்காமல் ஓட்டியது. தூரம் 5,600 கிலோமீட்டருக்கு மேல். நேரம்? 27 மணியிலிருந்து 32 மணிக்கும் மேல்! ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பயணிகள் பார்த்தார்கள். அதனால் 'இரட்டைச் சூரிய உதயம்' என்றே அந்தச் சேவைக்குப் பெயர் வந்தது. எடை தாங்காது என்பதால் ஒரு விமானத்தில் அதிகபட்சம் மூன்றே பயணிகள். மீதி எல்லாம் பெட்ரோல், முக்கியத் தபால்.

மூன்றே பயணிகள் என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நிற்காமல் பறப்பதற்கும் ஆள் எண்ணிக்கைக்கும் உள்ள உறவு அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை.

இப்போது பணப்பைக்கு வருவோம்

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004 ஜூனில் நியூயார்க்கை ஒட்டிய நெவார்க் விமான நிலையத்துக்கு நிற்காத சேவையைத் தொடங்கியது. ஏர்பஸ் ஏ340-500 என்ற நான்கு இன்ஜின் விமானம். 181 இருக்கைகள். 2008-ல் அவை 100 ஆகக் குறைக்கப்பட்டன. அந்த நூறும் பிசினஸ் வகுப்பு. அதே 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. நான்கு இன்ஜினுக்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகவில்லை. 2013 நவம்பரில் சேவை நிறுத்தப்பட்டது.

யோசித்துப் பாருங்கள். பூமி சுருங்கவில்லை, விரியவில்லை. ஆனால் 2013-ல் இரண்டு ஊர்களும் மறுபடி தூரமாகிப் போயின. காரணம் எண்ணெய் விலை. ஐந்து வருடம் கழித்து, 2018 அக்டோபரில், எரிபொருளைச் சிக்கனமாகக் குடிக்கும் இரண்டு இன்ஜின் ஏ350-900 யு.எல்.ஆர். விமானம் வந்த பிறகுதான் அவை மீண்டும் நெருங்கின. 2020 நவம்பரில் கென்னடி விமான நிலையத்துக்கும் சேவை தொடங்கியது. அப்போது அதுவே உலகின் மிக நீளமான பயணிகள் விமானச் சேவை.

இந்த விமானத்தின் கணக்கைப் பார்த்தால் விஷயம் விளங்கும். தொட்டியை முழுக்க நிரப்பினால் 1,65,000 லிட்டர் பிடிக்கும். எடை 130 டன் அளவுக்கு வரும். விமானம் மேலே எழும்பும்போது அதிகபட்சம் இருக்கக்கூடிய எடையே 280 டன். அதாவது கிட்டத்தட்டப் பாதி எடை எரிபொருள். பயணிகளோ 161 பேர். பெட்டியோடு ஆளுக்கு 100 கிலோ என்று தாராளமாக வைத்தாலும் 16 டன்தான். 16 டன் மனிதர்களை அனுப்ப 130 டன் எண்ணெய்! அதிலும் முதல் பல மணி நேரம் எரியும் எண்ணெயின் ஒரு பங்கு, கடைசி மணிகளுக்கான எண்ணெயைச் சுமப்பதற்காகவே எரிகிறது. நடுவில் இறங்கி நிரப்பிக்கொண்டு போகும் விமானத்துக்கு இந்தச் சுமை கிடையாது.

இதே நிறுவனத்தின் வழக்கமான நெடுந்தூர ஏ350-900 விமானத்தில் 253 பேர் உட்காரலாம். யு.எல்.ஆரில் 161 பேர். அப்படியானால் விலக்கப்பட்டவர்கள் யார்? இருக்கைப் பட்டியலைப் பார்த்தால் போதும். பிசினஸ் வகுப்பு 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமி வகுப்பு பூஜ்யம்.

வணிகவியல் பாடத்தில் இதற்கு எளிய விளக்கம் உண்டு. செலவு அதிகம், இருக்கை குறைவு, ஆகவே ஒவ்வொரு இருக்கையும் அதிக விலைக்குப் போயாக வேண்டும். நேரத்துக்கு அதிக விலை கொடுப்பவர் யார்? கம்பெனிக் காசில் பயணம் செய்யும் அதிகாரி. நிறுவனத்தின் மீது குற்றமே சொல்ல முடியாது. நட்டத்துக்கு விமானம் ஓட்டச் சொல்வது நியாயமும் இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரே ஊர், இரண்டு தூரம்

சிங்கப்பூரில் ஒரு தாய் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகள் நியூயார்க்கில், முதல் பிரசவம். கையில் இருப்பது எகானமி டிக்கெட்டுக்கான பணம். அவருக்கு அந்தப் பதினெட்டரை மணி நேர விமானத்தில் இடமே கிடையாது. டிக்கெட் தீர்ந்து போனதால் அல்ல, அவர் உட்காரும் வகுப்பே அதில் இல்லாததால்.

அவர் என்ன செய்வார்? ஜெர்மனியின் பிராங்க்பர்ட் வழியாகப் போகலாம். சிங்கப்பூர்-பிராங்க்பர்ட் சுமார் 10,300 கிலோமீட்டர், அங்கிருந்து நியூயார்க் சுமார் 6,200. மொத்தம் 16,500. நேர் வழியைவிடச் சுமார் 1,150 கிலோமீட்டர்தான் கூடுதல். விமானத்துக்கு அது ஒன்றரை மணி நேர வேலை. ஆனால் மொத்தப் பயணம் 23, 24 மணி நேரம் ஆகிறது. மீதி நேரம் எங்கே போனது? ஒரு பகுதி தரையில் காத்திருப்பதில். இன்னொரு பகுதி மேற்கு நோக்கிப் போவதால் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டுவதில். இதுவே நல்ல இணைப்பு கிடைத்தால்தான். இன்னும் மலிவான டிக்கெட்டைத் தேடினால் நடுவழி விமான நிலையத்தில் எட்டு மணி, பத்து மணி காத்திருப்பும் சேரும். பொதுவாக இணைப்பு எவ்வளவு அசௌகரியமோ அவ்வளவு மலிவு என்பதுதான் விமான டிக்கெட் சந்தையின் எழுதாத விதி.

ஆக, ஒரே நாளில் ஒரே ஊரிலிருந்து ஒரே ஊருக்குக் கிளம்பும் இரண்டு பேர். ஒருவருக்குத் தூரம் 18 மணி, இன்னொருவருக்கு 24 அல்லது 30 மணி. 18 மணிக்காரர் படுத்துத் தூங்கிக்கொண்டு போகிறார். 30 மணிக்காரர் கால் நீட்ட முடியாமல் உட்கார்ந்துகொண்டு போகிறார். பிரசவத்துக்குப் போகிறவராவது பொறுத்துக்கொள்வார். சாகக் கிடக்கும் தகப்பனைக் கடைசியாக ஒரு முறை பார்க்க ஓடுபவருக்கு அந்தப் பன்னிரண்டு மணி நேரம்தான் எல்லாமே. 'நியூயார்க் பதினெட்டரை மணி நேரம்' என்று செய்தித்தாளில் படிக்கும்போது அந்தச் செய்தி அவருக்கு எழுதப்பட்டதல்ல.

"எல்லாம் முதலில் பணக்காரர்களுக்குத்தானே?"

இப்படி ஒரு பதில் வரும். அதில் நியாயமும் இருக்கிறது. 1947 டிசம்பரில் குவான்டாஸ் சிட்னியிலிருந்து லண்டனுக்குச் சேவை தொடங்கியபோது பயணம் நான்கு நாள், ஒரு விமானத்தில் 29 பயணிகள், போய்வர 585 பவுண்டு. அந்தக் காலத்துத் தொழிலாளி நினைத்துப் பார்க்க முடியாத பணம் அது. இன்று சாதாரண மாணவர்கள்கூட அந்த வழியில் போய் வருகிறார்கள். எனவே நிற்காத விமானமும் ஒரு நாள் மலிவாகும், பொறுத்திருங்கள் என்பார்கள்.

ஆனால் அந்த மாற்றம் எதனால் வந்தது என்று பார்க்க வேண்டும். 1970 ஜனவரியில் போயிங் 747 சேவைக்கு வந்தது. அது வேகத்தில் சாதனை படைத்த விமானம் அல்ல. ஒரே தடவையில் முன்னூறு, நானூறு பேரை ஏற்றிக்கொண்டு, ஆளுக்கு ஆகும் செலவைக் குறைத்த விமானம். அதே காலகட்டத்தில் வேகத்தை மட்டும் நம்பி வந்தது கான்கார்டு. 1976-ல் சேவையைத் தொடங்கி, லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் நடுவே மூன்றரை மணி நேரத்தில் பறந்தது. இருக்கைகள் நூறு. கட்டணம் பணக்காரர்களுக்கு மட்டும். 27 வருடம் பறந்து 2003-ல் நின்றது. அதுவரை அது மலிவாகவே இல்லை, அதன் பிறகு அந்த வேகமும் யாருக்கும் கிடைக்கவில்லை. உலகத்தைச் சாமானியனுக்குச் சுருக்கியது கான்கார்டு அல்ல, குண்டு உடம்போடு மெதுவாக வந்த 747 தான்.

குவான்டாஸ் இப்போது சிட்னியிலிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் நிற்காமல் பறக்கும் திட்டத்தை வைத்திருக்கிறது. அந்தப் பழைய கொக்கல ஏரிச் சேவையின் நினைவாக 'சூரிய உதயத் திட்டம்' என்று பெயர். சிட்னி-லண்டன் சுமார் 17,000 கிலோமீட்டர். 2019 நவம்பரில் நடந்த சோதனைப் பறப்பில் லண்டனிலிருந்து சிட்னிக்கு 19 மணி 19 நிமிடம் ஆனது. அந்த விமானத்துக்கு அறிவித்துள்ள 238 இருக்கைகளில் 140 எகானமி வகுப்பு என்பது பாராட்ட வேண்டிய விஷயம். நிற்காத விமானத்தில் சாதாரண மக்களுக்கு இடம் வைப்பது நடக்கவே முடியாத காரியம் அல்ல என்பதை அது காட்டுகிறது. அந்த 140 டிக்கெட்டின் விலை எவ்வளவு என்பதில்தான் மீதி விடை இருக்கிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

நிற்காத விமானங்களை நிறுத்து என்பது வாதமல்ல. பதினெட்டு மணி நேரம் எங்கும் இறங்காமல் பறப்பது மனித மூளையின் பெரிய சாதனை. அதைக் கொண்டாடலாம். ஆனால் அந்தச் சாதனையை 'இரு நகரங்களின் தூரம்' என்று சொல்லி விற்கக் கூடாது.

முதலாவது, ஒரு வழித்தடத்தின் பயண நேரத்தைச் சொல்லும்போது மிக மலிவான இருக்கையில் போகிறவருக்கு மொத்தம் எத்தனை மணி நேரம் ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டிக்கெட் விற்கும் தளங்கள் இதை ஓரளவு காட்டுகின்றன. விளம்பரங்களும் செய்திகளும் காட்டுவதில்லை.

இரண்டாவது, நடுவழி நிலையங்கள். உலகின் பெரும்பாலான நெடுந்தூரப் பயணிகளின் விதி பறக்கும் விமானத்தில் முடிவாவதில்லை, நடுவில் இறங்கும் இடத்தில்தான் முடிவாகிறது. எதிர்க்காற்றை யாரும் குறைக்க முடியாது. எட்டு மணி நேரக் காத்திருப்பை இரண்டு மணியாக்க முடியும். நேர அட்டவணையை ஒழுங்காகப் போட்டால் போதும், புதிய விமானம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. முடியாத இடத்தில், படுத்து எழ ஒரு சுத்தமான இடமாவது காசில்லாமல் கிடைக்க வேண்டும்.

மூன்றாவது, வான்வெளியை மூடும் அரசுகள். தரையில் நடக்கும் சண்டைக்கு வானத்தில் வரி கட்டுவது சம்பந்தமே இல்லாத பயணி. கூடுதல் எரிபொருளின் விலை கடைசியில் அவர் டிக்கெட்டில்தான் வந்து சேருகிறது. பாதுகாப்புக்காக மூடுவது வேறு, பழிக்குப் பழியாக மூடுவது வேறு.

அந்தத் தாய் நியூயார்க்கில் இறங்கி, குடியேற்ற வரிசையில் நின்று, பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது மகள் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை கிலோமீட்டர்ம்மா?" என்பதாக இருக்காது. "ரொம்ப நேரம் ஆச்சாம்மா? கால் வீங்கியிருக்கே!" என்பதாகத்தான் இருக்கும். தூரத்தை அளக்கச் சரியான அளவுகோல் அந்தக் கேள்வியில் இருக்கிறது.